அம்மா எதுக்கு மதிலைக் காட்டினாங்கன்னு தெரியலையா தம்பி?

கேள்வி: அக்கா, நான் தென்கொரியால சுவோன் பக்கத்துல ஒரு கம்பெனில 7 வருஷமா இன்ஜினியரா இருக்கேன். வயசு 36. மனைவி, 5 வயசுல ஒரு பொண்ணு. சம்பளம், ரோடு, ட்ரெயின் எல்லாம் சூப்பர், ஆனா குடும்பம்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லக்கா. வயசானவங்கள யோயாங்வோன்னு ஒரு ஹோம்ல கொண்டு போய் விட்டுடறாங்க, பசங்க கல்யாணமே வேணாம்ங்கறாங்க, குழந்தை பிறப்பு விகிதம் 2023-ல 0.72-க்கு வந்துடுச்சு. ஆபீஸ்தான் இவங்களுக்கு எல்லாம். வேலை முடிஞ்சாலும் ஹ்வேசிக்னு டீம் சாப்பாடு, சோஜுன்னு இவங்க சாராயம், அப்புறம் ரெண்டாவது கடை, அப்புறம் நோரேபாங்ல பாட்டு. போன நவம்பர்ல எங்க டிபார்ட்மென்ட் ஹெட் பூஜாங்னிம்மோட அப்பா இறந்துட்டார்னு மொத்த டீமும் மொக்போ வரைக்கும் போய் ராத்திரி பூரா உக்காந்துட்டு வந்தோம். அதே வாரம்தான் முசிறில எங்க அப்பாவோட முதல் வருஷத் திதி. லீவு கேக்க நுன்ச்சி, அதான் அடுத்தவங்க மூஞ்சி பாத்து நடந்துக்கறது, இடம் குடுக்கல, திதின்னா என்னன்னு இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது? மீட்டிங்ல இருந்துட்டே டேபிளுக்குக் கீழ வீடியோ கால்ல பாத்தேன், சவுண்ட், மைக் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு. கடைசில அம்மா போனைத் தூக்கி மதில் பக்கமா காட்டிட்டே இருந்தாங்க, எதுக்குன்னு தெரியல, கட் பண்ணிட்டேன். அம்மா இப்ப தனியா இருக்காங்க. மனைவியையும் பொண்ணையும் முசிறிக்கு அனுப்பிட்டு நான் மட்டும் இன்னும் 5 வருஷம் இங்க இருக்கலாமான்னு ஒரு ஐடியா, பொண்ணும் நம்ம கலாச்சாரத்துல வளரும். மனைவிக்கு இஷ்டமில்ல. இல்ல எல்லாருமா திரும்பிடலாமா? 

— பேர் வேண்டாம், சுவோன்

பதில்:

காக்கா, தம்பி. அம்மா காட்டினது காக்காவை.

படையல் போட்டு ஒரு பிடி எடுத்து மதில் மேல வச்சிருப்பாங்க, காக்கா வந்து வாய் வச்சாத்தான் வீட்ல மத்தவங்களுக்கு இலை போடுவாங்க, அது வரைக்கும் அந்தம்மா வெறும் வயித்தோட வெயில்ல நின்னு கா கான்னு கூப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க, வந்து உக்காந்ததும் உங்கப்பா வந்துட்டாருடா பாருடான்னு உங்களுக்குக் காட்டத்தான் போனைத் தூக்கினது. நீங்க அதை டேபிளுக்குக் கீழ வச்சு, சத்தத்தையும் நிறுத்திட்டு, எதுக்குன்னு தெரியலன்னு கட் பண்ணிருக்கீங்க. முசிறில பொறந்த பையனுக்கு இது தெரியலையா? தெரிஞ்சிருக்கும், அந்த நேரத்துல தோணல. தோணாததுக்குக் காரணம் கொரியாவா?

இந்த லெட்டர் எனக்குப் புதுசில்ல தம்பி. துபாய்லேர்ந்து வரும், ஜெர்மனிலேர்ந்து வரும், ஊர் பேரையும் அந்த ஊர் சாராயத்தோட பேரையும் மாத்திட்டா மிச்சம் அச்சு அசலா இதேதான், "இந்த ஊர்ல குடும்பமே இல்லக்கா". எழுதறவங்க எல்லாருக்கும் ஊர்ல தனியா ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க, அது லெட்டரோட கடைசிப் பக்கமாத்தான் வரும். உங்களோடதுலயும் அங்கதான் வருது.

மொக்போல நீங்க என்ன பண்ணிருப்பீங்கன்னு நான் சொல்றேன். என் பொண்ணு கொரியால தேஜான்ல போஸ்ட்டாக் பண்ணப்ப நான் மூணு மாசம் அங்க இருந்தேன், அவ ப்ரொபசரோட அம்மா தவறினதுக்கு நானும் கூடப் போனேன், அதனால தெரியும். ஆஸ்பத்திரி கட்டடத்துலயே துக்க மண்டபம், கறுப்பு ட்ரெஸ், போட்டோவைச் சுத்தி வெள்ளைச் சாமந்தி. போட்டோ முன்னாடி ரெண்டு தடவ விழுந்து கும்பிட்டு, நின்னபடி பாதி குனிஞ்சு, அப்புறம் மகன் பக்கம் திரும்பி ஒரு தடவ. ஆம்பளைங்க சாதாரணமா இடது கைய மேல வச்சுக் கும்பிடுவாங்க, துக்க வீட்ல வலது கை மேல வரணும், அது வரைக்கும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. வெள்ளைக் கவர்ல பணம், நோட்டுல பேரு. அப்புறம் செக்கச்செவேல்னு ஒரு மாட்டுக்கறி சூப்பு, சோறு, விடிய விடிய ஆள் இருக்கணும்னு பக்கத்துல உக்காந்து பேச்சு. (நான் வேர்க்கடலைய மட்டும் கொறிச்சுட்டு வந்தேன்.) அடுத்தவன் அப்பாவுக்கு ஒரு சடங்கு கூட தப்பாம செஞ்சிருக்கீங்க. நல்ல விஷயம், அதுக்கு நான் திட்ட மாட்டேன். ஆனா அதே வாரம் முசிறில உங்க அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டது யாரு? சித்தப்பா பையனா, தங்கச்சி வீட்டுக்காரரா? அதைக்கூட எழுதல நீங்க.

இதுல குடும்பம் இல்லாதவங்க கொரியாக்காரங்கன்னு எழுதறதுக்கு உங்களுக்குக் கை எப்படி வந்துச்சு? ஒரு பூஜாங்கோட அப்பாவுக்காக ஒரு ஆபீஸே கிளம்பி ராத்திரில அவ்ளோ தூரம் போகுது, அதைப் பாத்துட்டு வந்து "இவங்களுக்கு குடும்பம் இல்ல"ன்னு எழுதறீங்க.

யோயாங்வோன் பத்தி சொல்றேன் கேளுங்க. அங்க 2008-லேர்ந்து வயசானவங்களைப் பாத்துக்கறதுக்குன்னே ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. ஹோம்ல விட்டாலும் உண்டு, வீட்டுக்கே ஆள் வந்து குளிப்பாட்டி, சமைச்சு வச்சுட்டுப் போறதும் உண்டு. என் பொண்ணு வீட்டுக்குக் கீழ இருந்த ஹால்மொனிக்கு, அதான் பாட்டிக்கு, அப்படி ஒருத்தங்க வருவாங்க, மகன் புசான்ல, மகள் சியோல்ல, ரெண்டு பேரும் நவம்பர்ல கிம்ஜாங், அதான் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய், போட வந்து அந்த மாடிப்படி பூரா கோஸும் மொளகாப்பொடியுமா ஆக்கிட்டாங்க, போகும்போது ஆளுக்கு நாலு டப்பா, எங்களுக்கும் ஒண்ணு. எல்லா வீடும் அப்படின்னு நான் சொல்லல. அட்டைப்பெட்டி பொறுக்கி வண்டில தள்ளிட்டுப் போற கிழவிங்களையும் அங்கதான் பாத்தேன், பாத்து ரெண்டு நாள் தூக்கம் வரல. 65 வயசு தாண்டினவங்கள்ல பத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பேர் அங்க வறுமைலதான் இருக்காங்க, அவ்ளோ பணக்கார நாட்ல. ஏன்னா அவங்களுக்கு பென்ஷன் திட்டமே 1988-லதான் வந்துச்சு, அதுக்குள்ள பாதி ஆயுசு போச்சு, இருந்த காசெல்லாம் புள்ளைங்க படிப்புக்குப் போட்டாச்சு. அந்தக் கிழவிங்களோட வயசுக்காரங்கள்ல எத்தனையோ பேர் 1963-லேர்ந்து ஜெர்மனிக்கு சுரங்க வேலைக்கும், அப்புறம் நர்ஸ் வேலைக்கும், 70-கள்ல சவுதிக்குக் கட்டட வேலைக்கும் போய் ஊருக்குக் காசு அனுப்பினவங்க. உங்கள மாதிரிதான். அந்த ஊர்லயும் நடு வீட்ல ஒரு அம்மா தபால்காரனைப் பாத்து உக்காந்திருப்பா.

தனியா செத்துக் கிடக்கறதுக்கு அங்க கோதொக்சான்னு ஒரு வார்த்தை இருக்கு, அதைத் தடுக்கறதுக்கு 2021-லேர்ந்து ஒரு சட்டம் கூட நடைமுறைல இருக்கு. முசிறில உங்க அம்மாவுக்கு என்ன இருக்கு? காலைல கோலம் போடலையேன்னு எதிர் வீட்டுக்காரங்க கவனிச்சா உண்டு.

குழந்தை பிறப்பு 0.72-ன்னு எழுதினீங்களே, நம்ம தமிழ்நாடே 2020 கணக்குல 1.4-தான். அது போகட்டும்.

இப்ப நுன்ச்சிக்கு வருவோம். அடுத்தவங்க மனசை அவங்க வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே படிச்சு நடந்துக்கறது, அதானே? பூஜாங் முகத்துல என்ன ஓடுதுன்னு உங்களுக்குப் படிக்கத் தெரியுது, அம்மா போனைத் தூக்கினா எதுக்குன்னு படிக்கத் தெரியல. 7 வருஷம் முடிச்சவங்களுக்கு அந்த ஊர்ச் சட்டப்படி வருஷத்துக்கு 18 நாள் லீவு வரும் (என் பொண்ணு யொன்சா யொன்சான்னு அதை எண்ணிட்டே இருப்பா), போன வருஷம் எத்தன நாள் எடுத்தீங்க? அங்க இருக்கற சின்னப் பசங்க, 2023-ல அரசாங்கம் வாரத்துக்கு 69 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கிக்கலாம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தப்ப, போட்ட சத்தத்துல அது பின்வாங்கிடுச்சு. ஹ்வேசிக்குக்கு வரலன்னு நேரா சொல்லிட்டு வீட்டுக்குப் போற பசங்கள உங்க ஆபீஸ்லயே பாத்திருப்பீங்க. நீங்கதான் தம்பி அங்க 1980-ல இருக்கீங்க, கொரியாக்காரனை விட கொரியாக்காரனா.

அதுல உச்சம், திதின்னா என்னன்னு இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறதுங்கறது. 7 வருஷமா அந்த ஊர்ல இருக்கீங்களே, ஜேசான்னு கேள்விப்பட்டதே இல்லையா? செத்தவங்களுக்கு வருஷா வருஷம் பழைய சந்திரக் கணக்குல நாள் பாத்து, மூத்த மகன் முன்னாடி நின்னு, சோறும் பழமும் படையல் போட்டு விழுந்து கும்பிடறது. நம்ம திதிதான் அது! "அப்பாவோட முதல் ஜேசா, நான்தான் செய்யணும்"னு ஒரு வரி போதும், அந்த மனுஷன் உங்கள நிமிந்து பாத்திருப்பார், ஏன்னா அந்த வாரம் அவரே தகப்பனைக் குடுத்துட்டு நின்னவர். நீங்க கேட்டு அவர் இல்லன்னு சொல்லல, நீங்க கேக்கவே இல்ல. அப்புறம் அந்த கவர் நோட்டு இருக்கே, அது மொய் நோட்டு மாதிரிதான், யாரு வந்தாங்க எவ்ளோ வச்சாங்கன்னு பாத்து வச்சுப்பாங்க, திருப்பிச் செய்வாங்க. அதுல உங்க பேரு இருக்கு. அவர் உங்களுக்கு ஒரு துக்கத்துக்குக் கடன்பட்டவர் தம்பி, லீவு கேக்க இதை விட என்ன உரிமை வேணும்?

அடுத்தது உங்க ஐடியா. இதைப் படிச்சப்ப எனக்கு ரத்தம் கொதிச்சது.

அங்கயே இதுக்குப் பேரு இருக்கு, கிரொகி அப்பான்னு, காட்டு வாத்து அப்பா. பொண்டாட்டி புள்ளைய படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு ஒத்தையா ஒரு ரூம்ல ராமியோன் நூடுல்ஸ் கொதிக்க வச்சு சாப்பிட்டுட்டு காசு அனுப்பறவன். நீங்க அதையே தலைகீழா பண்ணப் பாக்கறீங்க. அதுவும் எதுக்கு? கலாச்சாரத்துக்காம். உங்க அம்மாவைப் பாத்துக்க வேண்டியது நீங்க, அதை ஒரு பொண்ணு தலைல கட்டி, அவ வாழ்க்கையைப் பாதில நிறுத்தி, இஷ்டமில்லன்னு அவ சொன்னதை ஒரே ஒரு வரில எழுதிட்டு தாண்டிப் போறீங்க. அங்க சூசொக்னு அறுவடைப் பண்டிகைக்கும் சொல்லால்னு புது வருஷத்துக்கும் மருமகளுங்க நாள் முழுக்க அடுப்புல நின்னு, தான் கண்ணால பாக்காத மாமனார் வீட்டுப் பாட்டன் பூட்டனுக்கு வடை மாதிரி ஒண்ணு சுட்டுச் சுட்டு வெறுத்துப் போய்தான் பாதி வீட்ல சண்டை. கடைசில 2022-ல சுங்யுன்க்வான், கன்பூசியஸ் முறையெல்லாம் கட்டிக் காக்கற சபை, அவங்களே எண்ணெய்ப் பலகாரம் படையல்ல கட்டாயம் இல்லன்னு சொல்லிட்டாங்க. நீங்க சுவோன்ல உக்காந்துக்கிட்டு முசிறிக்கு ஒரு மருமகளை பார்சல் பண்றீங்க. பெத்தவங்க கடமை பெத்த புள்ளைக்கு, பையனோ பொண்ணோ. கட்டிட்டு வந்தவ கூட நிப்பா, நிக்கணும், ஆனா உங்களுக்குப் பதிலா நிக்க முடியாது. அப்புறம் புருஷன் ஒரு நாடு பொண்டாட்டி ஒரு நாடுங்கறது எனக்கு எப்பவுமே ஒத்து வராது, பழைய பஞ்சாங்கம்னு நெனச்சாலும் பரவால்ல. சாப்பாட்டுக்கே வழியில்லன்னா வேற, உங்களுக்கு அப்படி இல்ல.

திரும்பிடலாமான்னு கேட்டீங்க. நான் எப்படி சொல்றது? இவ்ளோ நீள லெட்டர்ல அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்களுக்கு மருமக வேணுமா, நீங்க வேணுமா, இல்ல வருஷத்துல ரெண்டு தடவ வந்துட்டுப் போனா போதுமா, மூணு மாசம் அங்க வந்து இருக்க ஆசையா? கூட்டிட்டுப் போறதா இருந்தா ஒண்ணு, அந்தக் கதவுல நம்பர் அடிக்கற பூட்டு இருக்கே, அதைப் பழக்கிட்டு வேலைக்குப் போங்க. நான் குப்பை போடப் போய் நம்பர் மறந்து, அது கொரியன்ல என்னமோ திட்ட, ரெண்டு மணி நேரம் அந்த ஹால்மொனி வீட்ல உக்காந்திருந்தேன்.

இந்த வருஷம் திதிக்கு நீங்க முசிறி படித்துறைல இருக்கணும். பஞ்சாங்கத்துல தேதி தள்ளிப் போகும், போன வருஷத் தேதியைப் பாத்து டிக்கெட் போட்டுடாதீங்க, வாத்தியார் கிட்டயோ பூசாரி கிட்டயோ கேட்டு, இப்பவே பூஜாங்னிம் கிட்ட சொல்லிடுங்க, பத்து நாளாவது. மனைவி, பொண்ணு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, எல்லாருமா வந்து எல்லாருமா திரும்பிப் போங்க. மத்ததை அம்மா பக்கத்துல உக்காந்து பேசிட்டு எனக்கு மறுபடி எழுதுங்க, அப்ப பதில் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி இன்னைக்கு. உங்களுக்கு ராத்திரி பத்துன்னா அம்மாவுக்கு சாயங்காலம் ஆறரை, சீரியல் தொடங்கறதுக்குள்ள கூப்பிட்டு, அன்னைக்கு காக்கா உடனே வந்துச்சாம்மான்னு கேளுங்க. ஊருக்கு வரும்போது சிவப்பு ஜின்செங் டப்பா மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, என் பொண்ணு வாங்கித் தந்தது இன்னும் அலமாரிலயே இருக்கு, ஒரே கசப்பு.