மாடிப்படிக்கு அடியில் உள்ள இருட்டு மூலையில் கீரை வளர்க்க முடியுமா?

முடியும். இதைத்தான் உள்வளர்ப்பு அறை என்கிறோம்: வெயிலுக்குப் பதில் விளக்கு, காற்றுக்குப் பதில் விசிறி.

விளக்கைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். ஆனால் இந்த அறைகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். நாம் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை இலைகள் ஆவியாக வெளியே விடுகின்றன. கொதிக்கும் பாத்திரத்தை மூடினால் மூடியின் உள்பக்கம் நீர் கோர்க்கும் அல்லவா? அதேபோல மூடிய அறையின் சுவரிலும் கோர்க்கும். முதலில் மூலையில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் தெரியும்; சில நாட்களில் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும். எனவே கீழே காற்று நுழைய ஒரு துவாரம், மேலே வெளியேற்றும் விசிறி. கீழ்த்துவாரம் விசிறியின் வாயை விடப் பெரிதாக இருக்கட்டும், இல்லையெனில் விசிறி வீணே திணறும். ஈரப்பதம் 50–70 சதவீதத்துக்குள் நின்றால் போதும்.

விளக்கு: 1 சதுர மீட்டர் கீரைக்குச் சுமார் 100 வாட் வெள்ளை எல்இடி, இலைக்கு மேல் 20–30 செ.மீ. உயரத்தில். டைமர் வைத்து 14–16 மணி நேரம் எரியவிடுங்கள். விளக்கு தூரமாக இருந்தால் தண்டு வெளிறி, நூலாக நீளும். சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணமே நல்லது. ஒளி சீராகப் பரவும். மின் இணைப்புகளைத் தொட்டிகளுக்கு மேலேயே வையுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

ஊதா நிற விளக்கு இருந்தால்தான் செடி வளரும் என்று பலர் நம்புகிறார்கள். செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் சாதாரண வெள்ளை எல்இடியிலேயே இருக்கின்றன.