சப்வூஃபர் உள்ள காரில் பேஸ்மேக்கர் வைத்தவர் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. நான்கு மாதங்களுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தம்பி தன் கார் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தியிருக்கிறான். ஸ்பீக்கரில் உள்ள காந்தம் பேஸ்மேக்கரை நிறுத்திவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து அப்பா அந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறார். செல்பேசித் திசைகாட்டியைப் பின் சீட்டில் வைத்துப் பார்த்தோம், முள் ஆடியது. அவர் பயப்படுவது சரிதானா?

பதில்: அப்பாவைத் தாராளமாக அந்தக் காரில் அழைத்துப் போங்கள். முன் சீட்டோ பின் சீட்டோ, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.

காந்தம் பேஸ்மேக்கரை நிறுத்திவிடும் என்பதே முதலில் தவறு. பேஸ்மேக்கர் பரிசோதனைக்கு வருகிறவர்களின் நெஞ்சில், மருத்துவமனையில் நாங்களே காந்தம் வைக்கிறோம். பேஸ்மேக்கர் இருக்கும் மேட்டின் மேல் அதை வைத்தவுடன் ஈசிஜி தாளில் பேஸ்மேக்கரின் கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக விழத் தொடங்கும். அந்த நேரத்தில் கருவி இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காது. நிறுவனத்தைப் பொறுத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 85 முதல் 100 வரை ஒரே சீராகத் துடிக்க வைக்கும். காந்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பரிசோதனைக்காகவே செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆனாலும் தேவையில்லாத நேரத்தில் இது நடக்கக் கூடாது என்பதால்தான் காந்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறோம்.

எவ்வளவு தள்ளி? கருவி நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது 15 சென்டிமீட்டர். ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதைவிடவே அதிகம். பெரிய ஸ்பீக்கர் என்றால் நான் ஒரு முழம் என்று சொல்லி அனுப்புவேன், மனநிம்மதிக்காக. காந்தத்திலிருந்து விலக விலக அதன் புலம் மிக வேகமாகக் குறையும்; தொலைவு இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். சப்வூஃபரில் காந்தத்தைச் சுற்றி இரும்புத் தகடுகள் இருப்பதால், புலத்தின் பெரும்பகுதி, ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அசையும் இடுக்குக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதற்கு மேல் மரப்பெட்டி, சீட்டின் முதுகு, அப்பாவின் உடல். பேஸ்மேக்கர் நெஞ்சின் முன்பக்கம் காறை எலும்புக்குக் கீழே இருக்கிறது. டிக்கியில் இருக்கும் காந்தத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழத்துக்குக் குறையாமல் இருக்கும்.

திசைகாட்டி முள் ஆடியதைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். பூமியின் காந்தப்புலம் சுமார் 0.05 மில்லிடெஸ்லாதான். அந்த அளவுக்கே திரும்பும் முள், காரின் இரும்பு உடலைக் கண்டாலும் ஆடும். பேஸ்மேக்கர்களோ 1 மில்லிடெஸ்லா வரை அசைந்து கொடுக்காதபடி செய்யப்படுகின்றன. பூமியின் புலத்தைப்போல் 20 மடங்கு அது. ஆகவே திசைகாட்டியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

கவனம் வேண்டியது வேறு இடத்தில். கழற்றிய சப்வூஃபரை அப்பா நெஞ்சோடு அணைத்துத் தூக்கக் கூடாது. அதைத் தம்பியே தூக்கட்டும். பின் சீட்டை மடக்கிப் பெட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மேல் குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: அப்பா செல்பேசியை எங்கே வைக்கிறார்? சட்டைப்பையில் என்றால், டிக்கியில் இருக்கும் பெரிய காந்தத்தைவிட நெஞ்சை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிறிய காந்தம்தான் எனக்குக் கவலை. புதிய செல்பேசிகள் சிலவற்றில் சார்ஜ் செய்வதற்கென்றே வலுவான காந்த வளையம் இருக்கிறது. அப்படிப்பட்ட செல்பேசிகளையும் கைக்கடிகாரங்களையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் அறிவுறுத்தியது. இயர்பட்ஸ் டப்பாவுக்கும் இது பொருந்தும். இரண்டையும் பேன்ட் பைக்கு மாற்றிவிடுங்கள்.

அதிர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சில பேஸ்மேக்கர்கள் உடல் அசைவை உணர்ந்து, நடக்கும்போது துடிப்பைக் கூட்டும். குண்டும் குழியுமான சாலையில் கார் குலுங்கினாலும் துடிப்பு கொஞ்சம் ஏறலாம். ஆபத்தில்லை. சப்வூஃபரின் தாழ்ந்த ஒலி அதிரும்போது படபடப்பாக இருக்கிறது என்று அப்பா சொன்னால் ஒலியைக் குறையுங்கள். அந்த உணர்வியின் அளவை மருத்துவர் கணினி வழியாகவே மாற்றிவிட முடியும். சீட் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். கருவியின் மேல் உறுத்தினால் இடையில் மெல்லிய துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பேஸ்மேக்கர் அட்டை இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் ஐசிடி என்று இருந்தால் கதை வேறு. ஐசிடி, ஆபத்தான துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி. காந்தம் அருகில் இருக்கும்வரை அந்த அதிர்ச்சியைக் கொடுக்காமல் இருந்துவிடும். தொலைவுக் கணக்கு அதேதான், ஆனால் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். கருவியிலிருந்து 'பீப்' சத்தம் கேட்டால் உடனே அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

கடைசியாக, காரில் போகும்போது தலைசுற்றலோ கண் இருட்டுவதோ வந்தால் ஸ்பீக்கரின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி அவரைக் கீழே இறக்கி உட்கார வையுங்கள். அன்றே பேஸ்மேக்கரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பொருத்தி நான்கு மாதம்தான் ஆகிறது. இதயத்துக்குள் போகும் கம்பி இடம் மாறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.