ஆண்டு நிறைவு விளையாட்டு விழா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொதுத்தேர்வு நெருங்குவதற்குள் விளையாட்டு விழாவையும் ஆண்டு விழாவையும் முடித்துவிட வேண்டும் என்று உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பரபரக்கும் காலம் இது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களும் தடகள நடுவர்களும் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் மைதானம் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். இதில் 200 மீட்டர் ஓடுதளம் போட முடியுமா? சென்ற ஆண்டு போட்டோம். ஆனால் வெளித் தடத்தில் ஓடிய பிள்ளைகளே திரும்பத் திரும்ப ஜெயித்ததால் பெற்றோர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கே தவறு?
— உடற்கல்வி ஆசிரியர், விருத்தாசலம்

தாராளமாகப் போடலாம். 1.22 மீட்டர் அகலத்தில் ஆறு தடங்கள் வைத்தாலும் மொத்தம் 92.44 மீட்டர் நீளமும் 52.44 மீட்டர் அகலமும்தான் ஆகும். நான்கு பக்கமும் மூன்றரை மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும்.

மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடியுங்கள். இவைதான் இரு வளைவுகளின் மையங்கள். ஒவ்வொரு முளையிலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருபுறமும் 18.90 மீட்டர் அளந்து குறியுங்கள். செங்குத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 6, 8, 10 மீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணம் கட்டிப் பாருங்கள். நான்கு மூலைகளும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 55.03 மீட்டர் அளவில் ஒத்துவந்தால்தான் மேலே போகலாம். பிறகு மையத்திலிருந்து 18.90 மீட்டரில் அரைவட்டம் இழுத்தால் முதல் தடத்தின் உள்கோடு கிடைக்கும். அங்கிருந்து 1.22 மீட்டர் கூட்டிக்கொண்டே போனால் மற்ற கோடுகள்.

அரைவட்டம் இழுக்க நைலான் கயிறு வேண்டாம். வெயிலில் அது நீளும். 10 சென்டிமீட்டர் நீண்டால் ஒரு சுற்று 63 சென்டிமீட்டர் கூடிவிடும். கட்டுக்கம்பியோ ஸ்டீல் டேப்போ வையுங்கள். 18.90 என்ற அளவுக்கும் காரணம் உண்டு. ஓட்டக்காரர் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. சுண்ணாம்புக் கோடு மட்டும் உள்ள தளத்தில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாக எடுத்துக்கொண்டுதான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். 19.10 மீட்டர் ஆரத்தில் இரு அரைவட்டம் 120 மீட்டர், இரு நேர்ப்பகுதி 80 மீட்டர், ஆக 200. கோட்டையே 19.10-இல் போட்டுவிட்டால் சுற்று 1.26 மீட்டர் நீளமாகிவிடும்.

இனி உங்கள் பெற்றோர்கள் எழுப்பிய விஷயம். வெளித் தடத்தில் சுற்று நீளம் அதிகம் என்பதால் அங்கே நிற்பவரை முன்னால் நிறுத்துகிறோம். நம் ஆசிரியர்கள் ஸ்டேகர் என்று சொல்வது இதைத்தான். முழுச் சுற்றுக்கு இரண்டாம் தடத்துக்கு 7.67, மூன்றாவதுக்கு 15.33, நான்காவதுக்கு 23.00, ஐந்தாவதுக்கு 30.66, ஆறாவதுக்கு 38.33 மீட்டர். அரைச் சுற்றுக்கு இதில் பாதி. இந்த அளவை அந்தந்தத் தடத்தின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, வளைவோடு வளைவாக அளக்க வேண்டும். அவசரத்தில் டேப்பின் ஒரு முனையைத் தொடக்கக் கோட்டில் பிடித்து, மறுமுனையை நேராக இழுத்து 38.33-இல் குறித்துவிடுகிறார்கள். நேர்க்கோடு வளைவைவிடக் குறுகியது. அதனால் குறி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் முன்னால் போய்விடும். ஆறாம் தடத்தில் இந்தப் பிழை 5 மீட்டருக்கு மேல். இரண்டாம் தடத்தில் 5 சென்டிமீட்டர்தான். உங்கள் பள்ளியில் வெளித் தடம் ஜெயித்துக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மீட்டருக்கு ஒரு சிறு ஆணி அடித்து, அதை ஒட்டி டேப்பை வளைத்துப் படுக்கவைத்து அளந்தால் பிரச்சினை தீரும்.

இன்னொரு பிழையும் நடக்கும். 400 மீட்டர் தளத்துக்கான புத்தகத்தில் இரண்டாம் தடத்துக்கு 7.04 மீட்டர் என்று இருக்கும். அது உள்விளிம்பில் சற்று உயரமாகத் திட்டு கட்டிய தளத்துக்கானது. அங்கே முதல் தடத்தை மட்டும் 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். திட்டு இல்லாத உங்கள் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் முதல் தடத்தைத் தவிர எல்லோரும் 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள். மற்றபடி தட அகலம் ஒன்றாக இருந்தால், சுற்று 200 ஆனாலும் 400 ஆனாலும் ஒரு சுற்றுக்கான ஸ்டேகர் மாறாது.

100 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு உங்கள் மைதானம் போதாது. பின்னால் நிற்க 3 மீட்டர், முடித்தபின் வேகம் தணிய 17 மீட்டர் விட்டால் மிஞ்சுவது 80. அதையே 80 மீட்டர் ஓட்டமாக அறிவியுங்கள். இறுதிக்கோட்டுக்கு அப்பால் உடனே சுற்றுச்சுவர் இருக்கும்படி ஓட விடுவது பெரிய ஆபத்து. 100 மீட்டர்தான் வேண்டுமென்றால் ஒரு வளைவும் ஒரு நேர்ப்பகுதியுமாக அரைச் சுற்று ஓடவிடலாம்.

கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். விழுந்து எழும் பிள்ளையின் கண்ணில் பட்டால் வெந்துவிடும். கல் கோலமாவு போதும். 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஏழு கோடுகளின் மொத்த நீளம் சுமார் 1,550 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவினால் சுமார் 80 லிட்டர் மாவு பிடிக்கும். முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்துத் தரையை அடக்கிவிட்டுப் போட்டால் காற்றில் பறக்காது.

ஒரே ஓட்டத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மூன்று நேரம் சொல்கிறார்கள். எதை எழுதுவது?
— அறிவியல் ஆசிரியை, பழனி

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது. சராசரி எடுக்கக் கூடாது. இரண்டு கடிகாரம் மட்டும் இருந்து அவை வேறுபட்டால், அதிகமான நேரத்தை எடுக்க வேண்டும். கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக்கு மேல்நோக்கிக் கொண்டுபோக வேண்டும்: 13.42 என்று காட்டினால் 13.5.

கடிகாரத்தை அழுத்துவது சத்தத்தைக் கேட்டு அல்ல. ஒலி 100 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.3 விநாடி ஆகிறது. துப்பாக்கியாக இருந்தால் புகையைப் பார்த்து, தட்டி ஒலியெழுப்பும் கட்டையாக இருந்தால் இரண்டு பலகையும் சேர்வதைப் பார்த்து அழுத்த வேண்டும். கட்டைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, தொடங்கிவைப்பவர் வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் தூரத்திலிருந்தும் தெரியும். யார் முந்தியது என்பதற்கு உடற்பகுதி கோட்டைத் தொட்டதே கணக்கு. தலையும் கையும் காலும் கணக்கில் வராது.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நான்கு அணிகள். புள்ளி போடுவதில் ஒவ்வோர் ஆண்டும் தகராறு. தனிநபர் சாம்பியனில் இருவர் சமமாக வந்தால் என்ன செய்வது?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மேலூர்

விதியை முதல் போட்டிக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். தகராறுகளில் பெரும்பாலானவை விதி மோசம் என்பதால் வருவதில்லை; முடிவு தெரிந்த பிறகு விதியைப் பேசுவதால் வருகின்றன.

தனிப் போட்டிக்கு 5, 3, 1. ரிலேவுக்கு அதில் இரட்டிப்பு. ரிலே புள்ளி அணிக்கு மட்டும் சேரும், தனிநபர் சாம்பியன் கணக்கில் சேராது. ஒரு மாணவருக்கு மூன்று தனிப் போட்டிகளும் ஒரு ரிலேவும் என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் ஓர் அணியில் நான்கு பேரே எல்லாவற்றிலும் ஓடிக் களைத்துப்போவார்கள், நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சமநிலை வந்தால் முதலிடங்கள் அதிகம் உள்ளவருக்குப் பட்டம். அதிலும் சமம் என்றால் இரண்டாமிடங்கள். அதுவும் சமமானால் இருவருக்குமே கொடுத்துவிடுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பிள்ளையின் உழைப்பைத் தள்ளுவது சரியல்ல.

4×100 ரிலேயில் பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ரிலே கட்டையைக் கைமாற்றுவதற்கான மாற்றுப் பகுதியை 20 மீட்டராகப் போடுகிறார்கள். அப்போது அதற்கு முன்னால் ஓடித் தயாராக 10 மீட்டர் தனியாக இருந்தது. இப்போதைய விதியில் இரண்டும் சேர்ந்து மாற்றுப் பகுதியே 30 மீட்டர். பார்க்க வேண்டியது கட்டை எங்கே கைமாறியது என்பதைத்தான், ஓட்டக்காரரின் கால் எங்கே இருந்தது என்பதை அல்ல.

என் மகள் பத்தாம் வகுப்பு. குடியரசு தின விளையாட்டுப் போட்டியில் குறுவட்டம், மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டி வரை போய் வந்தாள். ஆண்டு விழாவில் மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் மேடையாம். பள்ளியிடம் என்ன கேட்கலாம்?
— ஒரு தாய், அறந்தாங்கி

மேடையைக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். மாநிலப் போட்டி வரை போன பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் ஒரு பள்ளி ஆண்டு விழாவை முடிப்பது நியாயமே இல்லை. ஆனால் மேடையைவிட முக்கியமானது சான்றிதழ். விடுமுறை விடுவதற்குள் அதைக் கையில் வாங்கிச் சரிபாருங்கள்.

பெயரும் முன்னெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா? பிறந்த தேதி, வயதுப் பிரிவு (14, 17, 19-க்கு உட்பட்டோர்), போட்டியின் நிலை, நடந்த இடமும் தேதியும், எடுத்த இடம், அமைப்பாளர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா? ஒரு முன்னெழுத்து மாறினாலும் பின்னால் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, வேறொருவரின் சான்றிதழ் அல்ல என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். தவறு இருந்தால் போட்டி நடத்தியவர்களின் பதிவேடு கையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். தமிழக அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கும் போட்டி எந்த நிலையில் நடந்தது என்பதற்கு எடை உண்டு. மூலச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் மேலொப்பமோ முத்திரையோ தேவைப்பட்டால் வைக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.

போட்டிகளின்போது வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். குளுக்கோஸ் கொடுத்தால் போதுமா?
— தலைமையாசிரியை, வேலூர்

போதாது. காலை 7 மணிக்குத் தொடங்கி ஓட்டங்களை 10.30-க்குள் முடித்துவிடுங்கள். 800, 1500 மீட்டரை முதலிலேயே வைத்துவிட வேண்டும். அணிவகுப்பும் வரவேற்புரையும் முடிந்துதான் ஓட்டம் என்று வைத்தால், வெறும் வயிற்றோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பிள்ளைதான் முதலில் விழும். முந்தைய நாளே காலை உணவு சாப்பிட்டு வரச் சொல்லுங்கள்.

வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம். உப்பைக் கண்ணளவாகப் போடாதீர்கள். கூடினால் வாந்தி வரும். விழுந்த பிள்ளை தெளிவாகப் பேசினால் நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஒரு கால் ஊனம். விளையாட்டு விழா அன்று கைதட்டும் வேலைதான் தருகிறார்கள். வேறு வழி இல்லையா?
— ஒரு தந்தை, ஆத்தூர்

உங்கள் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு சிறுவயதில் பேருந்து மோதிக் காலில் ஊனமுற்றவர். அவருடைய திறமையைப் பள்ளி நாளிலேயே கண்டுகொண்டு உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

பள்ளியில் உடனே செய்யக்கூடியது உட்கார்ந்தபடி குண்டு எறிதல். 75 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள கைப்பிடி இல்லாத நாற்காலி, அதை நான்கு பக்கமும் முளையடித்துக் கயிற்றால் இறுக்க வேண்டும். கட்டாமல் விட்டால் எறியும் வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர் ஓட, கையில் சிறு கயிறு பிடித்த துணை ஓட்டக்காரரும் இருவருக்குமாக இரண்டு தடங்களும் வேண்டும். காது கேளாதவர்களுக்குக் கொடியை இறக்கித் தொடங்கிவையுங்கள். பதக்கத்தை ஆறுதல் பரிசு என்று அறிவிக்காதீர்கள். அளந்த தூரத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

எத்தனை பதக்கம் வாங்குவது? பரிசளிப்பு இரவு 9 மணி வரை இழுக்கிறது.
— உதவித் தலைமையாசிரியர், நாகர்கோவில்

ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என மூன்று பிரிவு, மாணவர் மாணவியர் தனித்தனி, பிரிவுக்கு ஆறு தனிப் போட்டிகள் என்றால் 36 போட்டிகள், 108 பதக்கங்கள். ரிலேவுக்கு மூன்று என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. நான்கு பேர் ஓடுகிறார்கள்; ஆறு ரிலேவுக்கு 72 பதக்கங்கள். ஆக 180, சமநிலைக்காகப் பத்து கூடுதல்.

ஒருவருக்கு 20 விநாடி என்றாலும் 180 பதக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆகவே பதக்கங்களை மைதானத்திலேயே, இறுதிப் போட்டி முடிந்த கால் மணி நேரத்துக்குள் வெற்றி மேடையில் கொடுத்துவிடுங்கள். வியர்வை காயாத முகத்தோடு வாங்கும் பதக்கத்துக்கு ஈடு இல்லை. மாலை மேடையில் தனிநபர் சாம்பியன்கள், சுழற்கோப்பை, மாவட்ட, மாநிலப் போட்டிக்குப் போனவர்கள், விடைபெறும் பன்னிரண்டாம் வகுப்பு அணித் தலைவர்கள் மட்டும் போதும். பெயர் வாசிப்பவர் கையில் உள்ள பட்டியல் மேசையில் அடுக்கிய வரிசையிலேயே இருக்க வேண்டும்.

பெரிய ஷீல்டுகளுக்குச் செலவழிப்பதைக் குறைத்து ஒரு சாதனைப் பலகை செய்யுங்கள். போட்டி, பிரிவு, பெயர், நேரம் அல்லது தூரம், ஆண்டு என ஐந்து பத்தி. நேர் ஓட்டத்தையும் வளைவில் ஓடிய ஓட்டத்தையும், 80 மீட்டரையும் 100 மீட்டரையும் தனித்தனி வரிசையில் எழுதுங்கள். பெயரை மாற்றி எழுத வசதியாகக் கழற்றி மாட்டும் தகடாக இருந்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே பலகை உதவும்.