கப்பியில் தொங்கும் திணிவுகள்: கேள்வி பதில்

உயர்தர இணைந்த கணித மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவை. எல்லாக் கணக்கிலும் புவியீர்ப்பு ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) 10 மீ/செ². கப்பி ஒப்பமானது (உராய்வில்லை), இலேசானது (திணிவைப் புறக்கணிக்கலாம்); இழையும் இலேசானது, நீளாதது.

நல்லூர் மாணவர்: கப்பிக்கு மேலாகச் செல்லும் இழையின் முனைகளில் 3, 2 கிலோகிராம் திணிவுகள். இழுவை (இழை இழுக்கும் விசை) ஒரு பக்கம் 30 நியூட்டன், மறுபக்கம் 20 என்று எழுதினேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். ஏன், சேர்?

வெட்டியது சரிதான், தம்பி. திணிவு ஓய்விலோ சீரான வேகத்திலோ இருந்தால் மட்டுமே இழுவை நிறைக்குச் சமம். 3 கிலோகிராம் கீழ்நோக்கி ஆர்முடுகுகிறது. எனவே இழுவை 30இலும் குறைவு. 2 கிலோகிராம் மேல்நோக்கி ஆர்முடுகுகிறது. எனவே இழுவை 20இலும் அதிகம். கணக்கைத் தொடங்குமுன்னரே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இனி,

30 − இழுவை = 3 × ஆர்முடுகல்
இழுவை − 20 = 2 × ஆர்முடுகல்

கூட்டினால் ஆர்முடுகல் 2 மீ/செ², இழுவை 24 நியூட்டன். கப்பியைத் தாங்கும் கொளுவியில் 48 நியூட்டன். 50 என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

சாவகச்சேரி மாணவி: கிணற்றில் 5 கிலோகிராம் வாளியை 60 நியூட்டனால் இழுப்பதும், கயிற்றின் மறுமுனையில் 6 கிலோகிராம் கல்லைத் தொங்கவிடுவதும் ஒன்றுதானே?

நல்ல கேள்வி, பிள்ளை. ஒன்றல்ல. கையால் இழுத்தால் கயிற்றின் இழுவையே 60. வாளி 2 மீ/செ² உடன் ஏறும். கல்லின் 60 நியூட்டனோ வாளியோடு கல்லையும் சேர்த்து அசைக்க வேண்டும். மிஞ்சிய 10 நியூட்டனை 11 கிலோகிராம் பங்கிட்டுக்கொள்கிறது, ஆர்முடுகல் 0.91 மட்டுமே. இழுவையும் 54.5க்கு இறங்கிவிடும்.

வேறொரு மாணவர்: முழுத் தொகுதிக்கும் ஒரே சமன்பாடு எழுதலாமா?

ஆர்முடுகல் மட்டும் வேண்டுமானால் எழுதலாம். இழுவை கேட்டால் ஒரு திணிவையாவது தனியாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பருத்தித்துறை ஆசிரியை: ஆய்வுகூட வசதி குறைவு. வகுப்பில் எப்படிக் காட்டலாம்?

இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் போதும், ரீச்சர். தண்ணீரோடு நிறுத்து, ஒன்றை 520 கிராமாகவும் மற்றதை 480 கிராமாகவும் ஆக்குங்கள். கணிப்பின்படி ஆர்முடுகல் 0.4 மீ/செ², 80 சென்ரிமீற்றர் இறங்க 2 செக்கன். கைத்தொலைபேசியிலேயே நேரம் பார்க்கலாம். ஜோர்ஜ் அற்வூட் 1784இல் விவரித்த பொறியின் தந்திரமும் இதுதான்: வித்தியாசத்தைச் சிறிதாக்கினால் வீழ்ச்சி கண்ணுக்கு அகப்படும் வேகத்துக்கு வந்துவிடும். உங்கள் கப்பியில் உராய்வு இருக்கும், 2 செக்கனிலும் கூடவே எடுக்கும். அதை மறைக்காதீர்கள், ஏன் பிந்தியது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

நல்லூர் மாணவர், மீண்டும்: அந்த 3 கிலோகிராம் 1 மீற்றர் இறங்கித் தரையில் மோதி நின்றுவிட்டால்?

மோதும்போது வேகம் 2 மீ/செ. அக்கணமே இழை தளர்ந்துவிடும். 2 கிலோகிராம் புவியீர்ப்பின் கீழ் இன்னும் 20 சென்ரிமீற்றர் ஏறித் திரும்பும். இழை மறுபடி இறுகும்போது கணத்தாக்கு (ஒரு கணத்தில் விழும் திடீர் இழுப்பு) வருகிறது. 2 கிலோகிராமின் உந்தத்தை (திணிவு × வேகம்) இப்போது இரண்டும் சேர்ந்த 5 கிலோகிராம் பங்கிட்டுக்கொள்கிறது: 2 × 2 = 5 × வேகம். இரண்டும் 0.8 மீ/செ உடன் புறப்படும்.