சீன அரசியல் படிக்கலாமா, வேலை கிடைக்குமா?

தம்பி, பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்துவிட்டு சீன அரசியல் பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் ‘அங்கே ஒரே கட்சி, மேலே ஒருத்தர் சொன்னால் கீழே நடக்கும், அவ்வளவுதான்’ என்ற நினைப்போடு போகாதே. ஒரே செமஸ்டரில் சலித்துவிடும்.

முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள். செய்தியில் யார் பெயர் வந்தாலும் அரசுப் பதவியோடு நிறுத்தாமல், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியில் அவருக்கு எந்த இடம் என்று தேடிப் பார். ஷாங்காயில் மேயர் உண்டு, ஆனால் ஊரில் பெரிய ஆள் கட்சிச் செயலாளர்தான்; மாகாணத்திலும் மாவட்டத்திலும் இதே கதை. ஷாங்காயின் செயலாளர் நாற்காலியில் இருந்த லீ சியாங், 2022 அக்டோபரில் கட்சியின் 20-வது மாநாடு முடிந்த மறுநாள், கட்சியை நடத்தும் பொலிட்பீரோவின் உச்சக் குழுவான நிலைக்குழுவின் 7 பேர் மேடைக்கு வரிசையாக நடந்து வந்தபோது ஷி ஜின்பிங்குக்கு அடுத்து வந்தார். துணைப் பிரதமராக ஒரு நாள்கூட இருந்ததில்லை, ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்ததுமே அடுத்த பிரதமர் இவர்தான் என்று கவனிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் வாக்களித்தது 2023 மார்ச்சில்: ஆதரவு 2,936, எதிர்ப்பு 3.

இன்னொன்று பார். அதே ஆண்டு ஜூலையில் வெளியுறவு அமைச்சர் சின் காங்கைக் காரணம் சொல்லாமல் நீக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்த வாங் யீ பொலிட்பீரோ உறுப்பினர். சின் காங் அமைச்சராக இருந்தபோதே கட்சியில் அவருக்கு மேலே இருந்தவர். அமைச்சர் என்ற பட்டத்தை மட்டும் பார்த்து யார் பெரியவர் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

அதற்காக எல்லாமே பெய்ஜிங்கிலிருந்துதான் வருகிறது என்றும் நினைத்துவிடாதே. 1978-ல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள ரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். மாட்டினால் சிறை. ஆனால் மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லீ ஆதரித்தார், விளைச்சல் கூடியது, சில ஆண்டுகளில் அதுவே நாடு முழுக்கக் கொள்கையானது. கீழே செய்து பார்த்து, சரிவந்தால் மேலே எடுத்துக்கொள்ளும் இந்த வழியைப் புரிந்துகொள்ளாமல் சீனாவின் வளர்ச்சி உனக்குப் பிடிபடவே படாது.

சரி, வேலை. மொழி இல்லாமல் சீன அரசியலில் பட்டம் மட்டும் வாங்கினால் கஷ்டம்தான், இதை உன் அப்பாவிடமும் மறைக்காமல் சொல். மாண்டரின், அதாவது சீன மொழி, நன்றாக வந்தால் வெளியுறவுப் பணி, ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, சீனாவோடு வணிகம் செய்யும் கம்பெனிகள் என்று கதவுகள் உண்டு. டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தில் மொழியும் இருக்கிறது, கிழக்காசிய ஆய்வும் இருக்கிறது. சாந்திநிகேதனில் 1937-ல் தொடங்கிய சீனா பவன் இருக்கிறது. எம்.ஏ.வுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொழி வகுப்பை மட்டும் அட்மிஷன் வரைக்கும் தள்ளிப்போடாமல் இந்த மாதமே ஆரம்பித்துவிடு. அப்புறம், வருடாவருடம் மார்ச்சில் பிரதமர் வாசிக்கும் அரசுப் பணி அறிக்கை ஆங்கிலத்திலும் வருகிறது, போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வரி காணாமல் போயிருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று குறித்துப் பார்.