அப்பாவின் பழைய கார் அடிக்கடி சூடாகிறது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாமா, விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். ஒரே ஒருவர் சொன்னதை நம்பி விற்கவே விற்காதீர்கள். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி வாசலில் நிற்கிறது, வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், அப்படித்தானே? என் வீட்டிலும் அதே கதைதான்.

எங்களுடையது 1998ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வீடு வடசென்னையில், கடலோரத் தண்டையார்பேட்டையில். நான்கு ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலில், அம்மாவைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி அரை மணி நேரம் நின்றோம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. உடனே இன்ஜினை அணைத்தேன். அது ஒன்றுதான் வண்டியைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

பட்டறையில் பானட்டைத் திறந்து பார்த்தவர், ஸ்டார்ட் கூடச் செய்யாமல், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 22,000 ஆகும்" என்றார். இன்ஜினின் மேல்மூடிக்குக் கீழே, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். என் மைத்துனர் அங்கேயே நின்றுகொண்டு, எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் அது பால் விட்ட காப்பி போல வெளுத்திருக்கும், அப்படி இல்லை. தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தேன். சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது, ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை. சூடு ஏறியதும் ஃபேனைத் தானாக ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்சைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்புக் கொடுத்ததும் ஃபேன் சுழன்றது. பழுது அந்தச் சிறிய ஸ்விட்சில். சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. அன்று தொட்டு வண்டி சூடானதில்லை.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஸ்டீயரிங் வேலைகளுக்கு இன்றும் ராயபுரத்தில் ஒரு பெரியவரிடம்தான் போகிறேன். தெரியாத இடத்தில் கை வைப்பது வீரம் இல்லை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் மாட்டேன். பழைய வண்டி புகை கக்கும் என்று வாதிட வருபவர்களுக்கு: எங்கள் வண்டி முறையாகப் புகைச் சோதனைக்குப் போகிறது. 15 ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவையும் புதுப்பித்து வருகிறோம்.

நம் கடலோரப் பக்கத்தில் இன்ஜினைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். மழைக்குப் பிறகு காருக்குள் காலடியில் கிடக்கும் மேட்டைத் தூக்கிக் காய வையுங்கள். பேட்டரி முனையில் பூக்கும் பொடியைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லைன் தடவுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் திருமண அழைப்பிதழில் சித்தப்பா மகன் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சடித்தார்கள். மைத்துனருக்கு எம்.பி.ஏ. என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு ஃபிட்டர் படித்தவன். அது படிப்பில்லையா? அப்பா இருந்திருந்தால் போடச் சொல்லியிருப்பார்.

நாளைக் காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பிறகு மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் ஏறியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். இன்ஜினை இறக்கும் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.