ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், ஆனால் பிள்ளைக்கு மூட்டு வலி. யாரிடம் காட்டுவது?

உங்கள் பையனுக்கு 7 வயது, ராத்திரியில் முட்டியும் கணுக்காலும் வலிக்கிறது என்று அழுகிறான், கைகால் ரப்பர் மாதிரி வளைகிறது, டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். என் மகள் கதையும் இதேதான். எங்களுக்கு விடை கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதில் பாதி நாங்களே வீணாக்கியது.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் அவளுக்கு 'ரப்பர் பாப்பா' என்றே பேர். யார் வந்தாலும் கட்டை விரலை மடக்கி முன்கையில் ஒட்டிக் காட்டுவாள், நாங்களும் கைதட்டுவோம். யோகா போட்டியில் இரண்டு கப் வேறு. ஒரு மே மாதம் ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்குப் போனோம். நாள் முழுக்க ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டிருந்தவள், ராத்திரி 2 மணிக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. காலையில் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து தோசை கேட்டாள். அந்தக் காலை முகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தோம். ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்றார் மாமியார். நானும் ஒரு நாள் அடித்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போனோம், அவர் இழுத்த இழுப்பில் இரண்டு நாள் நடக்கவில்லை. ஒரு டாக்டர் 'வளர்ச்சி வலி' என்றார். இன்னொரு மருத்துவமனையில் ஏஎஸ்ஓ என்கிற ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி, 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருடம் போடணும் என்றார்கள். குழந்தையின் கால் மேல் ஒருவர் கையும் படவில்லை. ஏஎஸ்ஓ கூடினால் சமீபத்தில் ஒரு வகைத் தொண்டைக் கிருமி வந்துபோயிருக்கலாம் என்று மட்டும்தான் அர்த்தம். அதை மட்டும் வைத்து, அந்தக் கிருமிக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்குகிற ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு கட்டக் கூடாது. அதற்குத்தான் அந்த ஊசி. உங்கள் பையனுக்கு ஏற்கெனவே ஊசி ஓடுகிறது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "பாப்பா, கையை நீட்டு" என்றார். சுண்டு விரல் பின்பக்கம் 90 டிகிரி தாண்டுகிறதா, கட்டை விரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முட்டியும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். இதற்கு பெய்ட்டன் ஸ்கோர் என்று பெயர், மொத்தம் 9. இவளுக்கு 8. காசு செலவில்லாத இந்த ஐந்து நிமிஷச் சோதனையை அதுவரை ஒருவரும் செய்யவில்லை.

எலும்பைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் தளர்வாக இருப்பதால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை தசை தலையில் விழுகிறது, பொழுது சாய்ந்ததும் அது சோர்ந்து வலிக்கிறது என்றார். என் கணவர் தறிக்காரர். "பாவு தொய்ஞ்சா நெய்யறவனுக்கு ரெட்டை வேலை, அதானே சார்?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

ஆனால் ஸ்கோர் மட்டும் நோய் ஆகாது. வளைகிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு வலியே இருக்காது. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்த மூட்டு, எத்தனை மணிக்கு, அன்றைக்கு என்ன ஆட்டம் ஆடினான், காலையில் எழுந்ததும் எப்படி நடந்தான். காலையில் மூட்டு விறைப்பு, வீக்கம், நொண்டல், விடாத காய்ச்சல், எடை குறைவு, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்வது, இதில் ஒன்று இருந்தாலும் தளர்வு என்று விட்டுவிடாதீர்கள், உடனே காட்டுங்கள். மூட்டு வாதம் குழந்தைகளுக்கும் வரும், மூட்டு வாதத்துக்குப் பார்க்கிற ஆர்ஏ ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் வரும். ரத்தப் புற்றுநோய்கூடச் சில பிள்ளைகளுக்கு எலும்பு வலியாகத்தான் தொடங்குகிறது. பயமுறுத்தவில்லை, ரத்த அணுக்கள் எண்ணிக்கையை முதலிலேயே பார்ப்பது அதற்காகத்தான்.

எங்களுக்கு இதய எக்கோவும் கண் பரிசோதனையும் செய்தார்கள், மூட்டோடு இதயத்தையும் கண்ணையும் பாதிக்கிற மார்ஃபான் போன்ற பரம்பரை நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்த. இரண்டும் சரி. நெட்டில் தேடினால் ஏலர்ஸ் டான்லோஸ் என்று வரும், மூட்டும் தோலும் தளர்ந்துபோகிற பரம்பரை நோய்களின் பெயர் அது. 2017 வகைப்பாட்டின்படி அதில் 13 வகை. மூட்டுத் தளர்வு வகைக்கு மட்டும் ஜீன் டெஸ்ட்டே இல்லை, வளர்ச்சி முடியும் முன் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டவும் தயங்குகிறார்கள். தோல் ரொம்ப இழுபட்டாலோ, காயத் தழும்பு காகிதம் மாதிரி மெலிந்து அகன்றாலோ மரபணு மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சிஎம்சியில் மூட்டு நோய்க்கும் மரபியலுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

சிகிச்சை என்று பார்த்தால் பிசியோதான். இழுத்து வளைக்கிற பயிற்சி இல்லை, தசையைப் பலப்படுத்துகிற பயிற்சி: ஒற்றைக் காலில் நிற்பது, ரப்பர் பட்டையை இழுப்பது. தினம் 15 நிமிஷம், மூன்று மாதம் கழித்துத்தான் ராத்திரி அழுகை குறைந்தது. குதிகாலைப் பிடிக்கிற ஷூ, பருமனான பென்சில், பாதிப் புத்தகத்தை ஸ்கூலிலேயே வைக்க டாக்டர் கடிதம். வித்தை காட்டுவதை நிறுத்தினோம். யோகா மாஸ்டருக்குத்தான் வருத்தம்.

முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். வேலூர் என்றால் ரயிலில் காட்பாடியில் இறங்கணும். எங்கே போனாலும் நோட்டை எடுத்துப் போங்கள், "இவன் மூட்டு எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.